முதல் ரீகர்வ் வில் வாங்கப் போகிறேன்: 62 அங்குலம், 45 பவுண்டு சரியா?

சிறுவாணி (கோவை)

எல்லோருக்கும் வணக்கம். வயது 34, உயரம் 174 செ.மீ. இங்கே ஒரு பயிற்சி மையத்தில் மூன்று மாத அடிப்படை வகுப்பு முடித்திருக்கிறேன். அவர்கள் கொடுத்த வில்லில்தான் இதுவரை எய்தேன். இனி சொந்தமாக ஒரு ரீகர்வ் வில் (நுனிகள் முன்னோக்கி வளைந்த வில்) வாங்கலாம் என்று இருக்கிறேன்.

குறிபார்க்கும் சைட், ஆட்டம் குறைக்கும் ஸ்டெபிலைசர், முழுதாக இழுத்ததைச் சத்தத்தால் காட்டும் கிளிக்கர் எதுவும் எனக்கு வேண்டாம். வில், நாண், அம்பு, கண். அவ்வளவு போதும். முதல் நாள் வகுப்பில் நாணை விட்டதும் வந்த அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. போட்டிக்குப் போகும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. ஞாயிறு காலைகளில் அமைதியாக எய்யப் பழக வேண்டும்.

இரண்டு வாரமாகக் காணொளிகள் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பெரும்பாலும் அமெரிக்கர்கள் போட்டவை. 62 அங்குல நீள மர டேக்டவுன் வில்லை (பாகங்களைக் கழற்றி மாட்டும் வில்) காட்டி, ஆண் என்றால் இழுக்கும் எடை 45 பவுண்டு, குறைந்தது 40 என்கிறார்கள். சாமிக் சேஜ் என்ற வில்லின் பெயர் அடிக்கடி வருகிறது. அதே அமைப்பில் வேறு கம்பெனிகளின் வில்லும் கிடைக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கப்பல் செலவு, சுங்கவரி எல்லாம் சேரும். தப்பாக வாங்கிவிட்டால் திருப்பி அனுப்புவதும் நடக்காத காரியம். அதனால்தான் முன்கூட்டியே கேட்கிறேன். 45 பவுண்டு போகலாமா? 62 அங்குலம் எனக்குப் போதுமா? அம்பு எப்படித் தேர்ந்தெடுப்பது?

பழைய_நாண் (சென்னை)

தம்பி, 45 வேண்டாம். 40-உம் வேண்டாம்.

நீங்கள் பார்த்தவர்களில் பாதிப் பேர் மான் வேட்டைக்குப் போகிறவர்களாக இருப்பார்கள். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. பல மாநிலங்களில் வில்லால் மான் வேட்டையாட 40 பவுண்டோ அதை ஒட்டிய ஓர் எடையோ குறைந்தபட்சமாக விதித்திருக்கிறார்கள். அம்பு ஆழமாக இறங்காவிட்டால் விலங்கு காயத்தோடு ஓடித் துடித்துச் சாகும். அதற்காக வந்த எண் அது. நமக்கு 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. நம் அம்பு துளைக்க வேண்டியது காகிதத்தையும் அதன் பின்னால் இருக்கும் ஃபோமையும்தான். 18 மீட்டரில் அந்த வேலையை 20 பவுண்டு வில்லே செய்துவிடும்.

அப்புறம், வில்லில் எழுதியிருக்கும் எண்ணும் உங்கள் விரலுக்கு வரும் எடையும் ஒன்றல்ல. 28 அங்குலம் இழுத்தால் எவ்வளவோ அதைத்தான் எழுதுவார்கள். அதைவிட ஓர் அங்குலம் குறைத்து இழுத்தால் இரண்டு, இரண்டரை பவுண்டு குறையும். கூட இழுத்தால் அதே அளவு கூடும். ஆகவே முதலில் உங்கள் இழுப்பு எவ்வளவு என்று பாருங்கள். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அளந்து, அங்குலத்தில் வருவதை 2.5-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட வந்துவிடும். அதைவிட நல்ல வழி, வகுப்பு வில்லில் நீங்கள் முழுதாக இழுத்து நிற்கும்போது கைப்பிடியின் முன்விளிம்பு அம்பில் எங்கே வருகிறதோ அங்கே ஒருவரைப் பேனாவால் கோடு போடச் சொல்வது.

பிறகு பயணப்பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்றை நாணில் மாட்டி, அந்தக் கோடு வரும் வரை இழுத்துப் பாருங்கள். மூன்று மாதம் நீங்கள் உண்மையில் எத்தனை பவுண்டு எய்தீர்கள் என்று தெரியும். அதைச் சொல்லுங்கள், மேற்கொண்டு பேசுவோம்.

எந்தக் கண் ஆளும் கண் (குறிபார்ப்பதில் மூளை முன்னுரிமை தரும் கண்) என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.

மேற்கு_மலை (பொள்ளாச்சி)

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், பெரியவர் கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் 40 பவுண்டில்தான் தொடங்கினேன். 62 அங்குல மர டேக்டவுன். ஆறு வருடமாக அதே வில். தென்னந்தோப்பு வேலை பார்த்த உடம்பு என்பதாலோ என்னவோ, பெரிதாகக் கஷ்டம் தெரியவில்லை. 20, 25 என்று வாங்கினால் ஆறே மாதத்தில் அலுத்துவிடும், மறுபடியும் காசு செலவு. கனமான வில்லில் அம்பு நேராகப் போகும், தூரம் கூடக்கூட மேலே தூக்கிப் பிடிக்க வேண்டிய தொல்லையும் குறைவு. நாணும் விரலை விட்டுச் சட்டென்று கழன்றுவிடும். லேசான வில்லில் விரல் நாணைப் பிடித்துக்கொண்டே இருப்பது போல ஓர் இழுபறி இருக்கும். எய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கார்த்திகைப்பூ (ஈப்போ)

மேற்கு_மலை அண்ணா சொன்ன கடைசி விஷயம் உண்மைதான். லேசான வில்லில் விடுகை சுத்தமாக இல்லாவிட்டால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் பழகுகிறவருக்கு அது நல்லதுதானே? தப்பு அன்றைக்கே தெரிந்துவிடுகிறது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் பெண், அப்போது வயது 29, ஜிம்முக்குப் போகிற உடம்பு. கடைக்காரர் என் தோளைப் பார்த்துவிட்டு "உங்களுக்கு 38 தாராளம்" என்று கொடுத்தார். இழுக்க முடிந்தது. அதில்தான் ஏமாந்தேன். ஒருமுறை இழுக்க முடிவது வேறு, அறுபதாவது அம்பையும் அதே இடத்துக்கு இழுத்து, நிதானமாக நிறுத்தி, விடுவது வேறு. நாற்பது அம்புக்குப் பிறகு முதுகு வேலை செய்வதை நிறுத்திவிடும், தோளின் முன்பக்கமும் முழங்கையும் இழுக்க ஆரம்பிக்கும். எனக்கு அது தெரியவே இல்லை. அம்புகள் இடது பக்கமாகச் சிதறிக்கொண்டே போயின, நான் மேலும் மேலும் எய்தேன்.

நாலாவது மாதம் ஒரு காலை, அலமாரியின் மேல்தட்டிலிருந்து மிளகாய்த்தூள் டப்பாவை எடுக்கக் கையைத் தூக்கினேன். பாதிக்கு மேல் கை போகவில்லை. தோளின் சுழல் தசைநாரில் அழற்சி என்றார் மருத்துவர். எட்டு மாதம் வில்லைத் தொடவில்லை. திரும்பி வந்தபோது 20 பவுண்டில் தொடங்கினேன். இப்போது 32. இந்த 32-இல் எய்கிறேனே, அந்த 38-இல் நான் ஒரு நாள்கூட இப்படி எய்ததில்லை.

சிறுவாணி, தயவுசெய்து அவசரப்பட வேண்டாம்.

சிறுவாணி (கோவை)

எல்லோருக்கும் நன்றி. கார்த்திகைப்பூ அக்கா, படித்ததும் கொஞ்சம் பயந்துதான் போனேன். நீங்கள் எழுதியதை வகுப்பில் இருக்கும் இருவருக்கும் காட்டினேன்.

அளந்துவிட்டேன். கை விரிப்பு 176 செ.மீ., அதாவது 69.3 அங்குலம். வகுத்தால் 27.7. அம்பில் கோடு போட்டுப் பார்த்தது 27.5. வகுப்பு வில்லில் 24 என்று எழுதியிருக்கிறது, தராசில் 23-க்குச் சற்று குறைவாகக் காட்டியது. உண்மையில் நான் 30 பக்கம் எய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன்! வலது கைக்காரன், ஆளும் கண்ணும் வலது. இரண்டு கையாலும் முக்கோணம் செய்து, அதற்குள் சுவர்க் கடிகாரத்தைப் பிடித்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன்.

தாமிரபரணிக்கரை (திருநெல்வேலி)

கண் விஷயம் எழுதியதால் ஒரு வார்த்தை. நான் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். என் மகள் எழுதுவது, சாப்பிடுவது எல்லாம் வலது கை, ஆளும் கண் மட்டும் இடது. தெரியாமல் வலது கை வில் வாங்கிக் கொடுத்துவிட்டேன். ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு முகத்தைச் சுளித்துச் சுளித்தே எய்துகொண்டிருந்தாள். இடது கை வில்லுக்கு மாற்றியபின் இரண்டு கண்ணையும் திறந்துவைத்து எய்கிறாள். சிறு வயதில் மாற்றுவது சுலபம், பெரியவர்கள் விஷயத்தில் ஒவ்வொரு பயிற்சியாளரும் ஒவ்வொன்று சொல்வார்கள். வாங்குகிறவர்கள் கவனிக்க: வலது கை வில் என்றால் வலது கையால் நாணை இழுப்பது, வில்லைப் பிடிப்பது இடது கை. இதை மாற்றிப் புரிந்துகொண்டு இணையத்தில் ஆர்டர் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

செலவுதான் கவலை என்றால் இந்தியன் ரவுண்ட் வில் ஒன்று இருப்பதையும் சொல்ல வேண்டும். உள்நாட்டில் செய்யும் மூங்கில், மர வில். அதற்கென்று தேசியப் போட்டிப் பிரிவே இருக்கிறது, 50 மீட்டரும் 30 மீட்டரும் எய்வார்கள். ஜார்க்கண்டின் தீபிகா குமாரி மூங்கில் வில்லில் பழகத் தொடங்கியவர்தான். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் அதில்தான் எய்கிறார்கள். ரீகர்வ் விலையோடு பார்த்தால் மிகக் குறைவு.

பழைய_நாண் (சென்னை)

ஆசிரியர் சொன்னது நல்ல யோசனை. ஆனால் சிறுவாணிக்கு ரீகர்வ் மேல்தான் ஆசை, அந்த ஆசையைக் கெடுக்க வேண்டாம்.

தம்பி, உங்கள் கைக்கு 23 பழகியிருக்கிறது. அடுத்து 26, மிஞ்சினால் 28. அதற்கு மேல் இப்போது வேண்டாம். கடையில் எந்த வில்லை எடுத்தாலும் ஒரு சோதனை செய்து பாருங்கள். அம்பு பூட்டி, டார்கெட்டைப் பார்த்து நின்று, முழுதாக இழுத்து வாயோரத்தில் விரலை நிறுத்துங்கள். மனசுக்குள் பத்து எண்ணிவிட்டு, எய்யாமல் மெல்லத் திரும்பக் கொண்டுவாருங்கள். இப்படி ஐந்து முறை, நடுவில் அரை நிமிட ஓய்வு. ஐந்தாவது முறையும் வில்கை நடுங்காமல், தோள் காதை நோக்கி ஏறாமல் இருந்தால் அந்த எடை உங்களுக்கு ஆகும். அம்பு இல்லாமல் இழுத்து நாணை மட்டும் விட்டுவிடாதீர்கள். அம்பு வாங்கிக்கொள்ள வேண்டிய விசை முழுவதும் வில்லுக்கே திரும்பும். லிம்ப் (கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பாகம்) விரிசல் விட ஒரே ஒரு தடவை போதும்.

மேற்கு_மலை, நீங்கள் சொன்ன காசு விஷயத்துக்கு வருகிறேன். நியாயமான கவலைதான். டேக்டவுன் வில் வாங்கினால் எடை கூட்டும்போது முழு வில்லையும் மாற்ற வேண்டியதில்லை, லிம்ப் ஜோடியை மட்டும் மாற்றினால் போதும். பழைய லிம்பை வாங்கிக்கொள்ள ஒவ்வொரு வகுப்பிலும் புதிதாக இரண்டு பேர் வந்துகொண்டே இருப்பார்கள். என் முதல் 24 பவுண்டு லிம்ப் இதுவரை நாலு பேர் கை மாறிவிட்டது, இன்னும் ஓடுகிறது.

ஸ்காபரோ_அண்ணை (டொரொண்டோ)

தம்பி, நீளத்தைப் பற்றி ஒருவரும் வடிவாகச் சொல்லேல்ல, நான் சொல்லுறன்.

62 அங்குல வில் உங்கட 27.5 இழுப்புக்கு உடையாது, பயப்பட வேண்டாம். ஆனால் வில் கட்டையாக இருந்தால் முழுசாக இழுக்கேக்க நாண் கூர்மையாக மடங்கும். அந்த மடிப்புக்குள்ள உங்கட மூன்று விரலும் நசுங்கும். அம்பின்ர நொக்கையும் (நாணில பூட்டுற பின்முனை) விரல் நெருக்கும். காட்டுக்குள்ள மரத்துக்கு மரம் புகுந்து திரியிற வேட்டைக்காரருக்குக் கட்டை வில் வசதி. வெளியான இடத்தில நின்று எய்யிறவருக்கு 66, 68 எவ்வளவோ இதமானது. கை ஆடினாலும் வில் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். உங்கட இழுப்புக்கு நான் 68 எண்டு சொல்லுவன், 66-உம் காணும்.

அடுத்தது ரைசர், அதாவது வில்லின்ர நடுக் கைப்பிடிப் பாகம். ரெண்டு வழி இருக்கு. ஒன்று, நீங்கள் சொன்ன மாதிரி மர ரைசரில் லிம்பைத் திருகாணி போட்டு முடுக்கிறது. வடிவான வில், கையில பிடிக்க மரம் மரம்தான். ஆனால் அந்த அமைப்புக்குச் செய்த லிம்ப் மட்டுந்தான் பொருந்தும். மற்றது ஐ.எல்.எஃப் எண்ட பொதுவான பூட்டு முறை. இதில லிம்ப் வழுக்கிக்கொண்டு போய்ப் பூட்டும், எந்தக் கம்பெனி ரைசருக்கும் எந்தக் கம்பெனி லிம்பும் சேரும். 25 அங்குல ரைசரோட மீடியம் லிம்ப் போட்டால் 68, ஷார்ட் போட்டால் 66, லாங் போட்டால் 70. லிம்ப் போல்ட்டைத் திருப்பி எடையைப் பத்து வீதத்துக்குக் கிட்டக் கூட்டிக் குறைக்கலாம். 26 பவுண்டு லிம்பைத் தளர்த்திப்போட்டு 25-இல் தொடங்கி, ரெண்டு மாசத்தில முடுக்கி 27-க்குக் கொண்டு வரலாம். பழகுகிற ஆளுக்கு இதைவிட வேற என்ன வேணும்?

ஒரு கவனம். ஐ.எல்.எஃப் லிம்பில எழுதிற எடை வழக்கமாக 25 அங்குல ரைசருக்கு உரியது. அதே லிம்பை 23 அங்குல ரைசரில் போட்டால் ரெண்டு பவுண்டு அளவில் கூடும்.

பிற்காலத்தில பேர்போ போட்டி எய்ய ஆசை வந்தாலும் அந்த ரைசரே காணும். நாண் கழற்றின வில், அதில பூட்டின பாரத்தோட சேர்த்து, 12.2 செ.மீ. வளையத்துக்குள்ளால போக வேணும் எண்டது விதி. சைட்டும் ஸ்டெபிலைசரும் இல்லாமல் எய்ய ஆசைப்படுற உங்களுக்கு ஏற்ற பிரிவு அதுதான்.

சிறுவாணி (கோவை)

அண்ணை, இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனாலும் மர வில் மேல் உள்ள ஆசை போகவில்லை. அலுமினிய ரைசரைப் படத்தில் பார்த்தால் ஏதோ இயந்திரத்தின் பாகம் போல் இருக்கிறது.

மேற்கு_மலை (பொள்ளாச்சி)

சிறுவாணி, படத்தில் பார்த்து முடிவு பண்ணாதீர்கள். வருகிற ஞாயிறு என் வேலையாகக் கோவை வருகிறேன். என் 40 பவுண்டு வில்லைக் கொண்டு வருகிறேன், உங்கள் மையத்திலேயே எய்து பாருங்கள். பிடித்தால் வாங்குங்கள், பிடிக்காவிட்டால் விடுங்கள். வாய்ப்பேச்சில் என்ன இருக்கிறது?

சிறுவாணி (கோவை)

நேற்று மேற்கு_மலை அண்ணன் வந்திருந்தார். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வில் அழகு. கருமையும் வெளிர் நிறமுமாக மரப்பட்டைகள் சேர்த்து ஒட்டிய கைப்பிடி. அவர் உள்ளங்கை படும் இடத்தில் மட்டும் வார்னிஷ் தேய்ந்து மரம் மினுமினுப்பாக இருந்தது. முதல் அம்பை 15 மீட்டரில் எய்தேன். போன வேகத்தில் கண்ணால் தொடர முடியவில்லை, ஃபோமில் பாதி இறங்கிவிட்டது. இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் டார்கெட்டில்தான். சந்தோஷம் தாங்கவில்லை, இதையே வாங்கிவிடலாம் என்று நினைத்தேன்.

அண்ணன் பக்கவாட்டில் நின்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு அம்பு முடிந்ததும் உட்கார்ந்து பார்த்தோம். முதல் அம்பில் என் சுட்டுவிரல் வாயோரத்தைத் தொட்டிருக்கிறது. ஏழாவதில் உதட்டுக்கும் விரலுக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி. பதினொன்றாவதில் கை தாடைக்கு முன்னாலேயே நின்றுவிட்டது, தலையை நான்தான் நாணை நோக்கி நீட்டியிருக்கிறேன். எய்யும்போது இதில் எதுவுமே எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் முழுதாக இழுத்தேன் என்று சத்தியம் செய்திருப்பேன்.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "என்னையும் ஒரு தடவை எடுங்க தம்பி" என்று கைப்பேசியை என்னிடம் கொடுத்தார்.

மேற்கு_மலை (பொள்ளாச்சி)

மீதியை நானே சொல்கிறேன். ஆறு வருடமாக எய்கிறேன், என்னை நானே பக்கவாட்டிலிருந்து பார்த்ததில்லை. விரல் வாயோரத்துக்கு வருகிறது, வந்த நொடியே போய்விடுகிறது. நிற்பதே இல்லை. இருபது அம்பிலும் அப்படித்தான். என் கை வேகம் என்று நினைத்துப் பெருமையாக இருந்தேன், அது எடை தாங்காமல் விடுவது. எனக்கும் 30 பவுண்டு லிம்ப் ஒரு ஜோடி வேண்டும். இதே வில்லுக்குக் கிடைக்கிறது, பார்த்துவிட்டேன்.

ஆனால் மர வில் நல்ல வில்தான், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பழைய_நாண் (சென்னை)

மர வில்லைக் குறை சொல்ல இங்கே யார் இருக்கிறார்கள்? நான் வீட்டில் தினமும் தொட்டுப் பார்ப்பது மர வில்லைத்தான். நீங்கள் அந்தப் படத்தை எடுத்து, அதைப் பொதுவில் எழுதவும் செய்தீர்களே, மனசாரப் பாராட்டுகிறேன்.

வெயிலூர் (வேலூர்)

இடையில் புகுந்து ஒன்று சொல்லிக்கொள்கிறேன், நம் ஊர்க்காரர்களுக்கு முக்கியம். வில்லைக் காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள். போன வருடம் மே மாதம் மதியம் ஒரு மணிக்கு, கல்யாண மண்டபத்து வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். வில் பின்சீட்டில், நாணேற்றியபடியே. இரண்டு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் மேல் லிம்பில் ஃபைபர்கிளாஸ் மரத்திலிருந்து தனியாகப் பிரிந்து, நகம் நுழையும் அளவுக்கு வாய் திறந்திருந்தது. ரீகர்வ் லிம்ப் என்பது மரத்தையும் ஃபைபரையும் பசையால் ஒட்டியதுதானே, பூட்டிய காருக்குள் அடிக்கும் சூட்டில் பசை இளகிவிடுகிறது. எய்து முடித்ததும் நாணைக் கழற்றி, உறையில் போட்டு, வீட்டுக்குள் நிழலில் வையுங்கள்.

சிறுவாணி (கோவை)

இது தெரியாமல் இருந்தால் நானும் கண்டிப்பாகக் காரில்தான் வைத்திருப்பேன். நன்றி.

முடிவு செய்துவிட்டேன். 25 அங்குல ஐ.எல்.எஃப் ரைசர், மீடியம் லிம்ப், 26 பவுண்டு. மொத்தம் 68. வகுப்புக்கு வரும் ஒருவர் தன் ரைசரை விற்கிறார், கையில் பிடித்துப் பார்த்தேன். படத்தில் பார்த்தது போல் இல்லை, கனம் அப்படியே உள்ளங்கையில் உட்கார்ந்தது. கைப்பிடி மட்டும் மரத்தில் போட்டுக்கொள்ளலாம் என்றார், அது போதும் எனக்கு.

இனி அம்பு. அட்டவணையைப் பார்த்தால் 500, 600, 700 என்று எண்கள், ஒன்றும் விளங்கவில்லை. நாண் எது வாங்குவது?

பழைய_நாண் (சென்னை)

நல்ல முடிவு. நாண் முதலில். தொடக்கத்துக்கு டேக்ரான் போதும். லேசாக நீளும் இழை, அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொள்ளும். நீளாத ஃபாஸ்ட் ஃப்ளைட் வகை நாணை, அதற்கென்று நுனி பலப்படுத்தாத பழைய மர வில்லில் போட்டால் லிம்ப் நுனி பிளக்கும். மேற்கு_மலை இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நாணேற்றும் கயிறு ஒன்றும் கட்டாயம் வாங்குங்கள். வில்லைத் தொடைக்கு நடுவே விட்டு வளைத்து நாணேற்றுவதைச் சிலர் ஸ்டைலாகச் செய்வார்கள், லிம்ப் முறுக்கிக்கொள்வது அப்படித்தான். கைப்பிடியின் ஆழமான இடத்திலிருந்து நாண் வரை இருக்கும் தூரத்தை அளந்து எழுதி வையுங்கள். 68 அங்குல வில்லுக்கு எட்டரையிலிருந்து ஒன்பது அங்குலம் வரை இருக்கலாம். குறைந்தால் நாணை நாலு முறுக்கு முறுக்குங்கள்.

அம்பில் உள்ள எண் அதன் விறைப்பு. 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கி வைத்து, அம்பை மேலே கிடத்தி, நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிடுவார்கள். முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக, 0.7 அங்குலம் தொய்ந்தால் அது 700. ஆகவே எண் கூடக்கூட அம்பு இளகியது. விரலால் நாணை விடும்போது அம்பு நேராகக் கிளம்புவதில்லை. மீன் போல வளைந்து நெளிந்து, வில்லின் பக்கத்தைத் தொடாமல் சுற்றிக்கொண்டுதான் போகும். விறைப்பு கூடினால் அந்த வளைவு போதாது, குறைந்தால் அதிகமாகிவிடும்.

உங்கள் எடைக்கு 700-இல் இரண்டு, 800-இல் இரண்டு, வெட்டாத முழு நீளத்தில் வாங்குங்கள். டஜன் கணக்கில் இப்போது வாங்காதீர்கள். இரண்டிலும் ஒவ்வொன்றுக்கு இறகு ஒட்டாமல் வைத்து, 15 மீட்டரில் இறகு உள்ளதோடு சேர்த்து எய்யுங்கள். வலது கைக்காரருக்கு இறகில்லாத அம்பு இடது பக்கம் போனால் விறைப்பு அதிகம், வலது பக்கம் போனால் இளக்கம் அதிகம். அம்பை வெட்டினால் விறைப்பு கூடும், முனையில் கனம் சேர்த்தால் குறையும். வெட்டுவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

கார்த்திகைப்பூ (ஈப்போ)

அம்பை ஷெல்ஃபின் (கைப்பிடிக்கு மேலே உள்ள திட்டு) மேலேயே வைத்து எய்வதாக இருந்தால் பறவை இறகுதான் வேண்டும், வேன் என்ற பிளாஸ்டிக் இறகு இடித்துத் திசை மாறும். அம்பைத் தாங்கும் சின்ன ஒட்டு ரெஸ்ட் வைத்தால் எதுவும் போடலாம். இங்கே மழை அதிகம், நனைந்த இறகு படுத்துக்கொள்ளும், அதனால் நான் ரெஸ்டுக்கு மாறிவிட்டேன். முன்கையைக் காக்கும் ஆர்ம் கார்டு, நாணிலிருந்து விரலைக் காக்கும் டேப் (tab) இரண்டும் வில் வருவதற்கு முன்பே கையில் இருக்கட்டும்.

சிறுவாணி (கோவை)

இன்னும் ஒன்று. வீட்டு மொட்டை மாடி 14 மீட்டர் நீளம். பின்னால் கனமான போர்வை கட்டி எய்யலாமா?

தாமிரபரணிக்கரை (திருநெல்வேலி)

கூடவே கூடாது. 26 பவுண்டுதானே என்று நினைக்காதீர்கள். கை தவறி மேலே போன அம்பு 100 மீட்டரைத் தாண்டி விழும், அங்கே யார் வீட்டு முற்றமோ. மாடியில் இழுத்து நிறுத்திப் பழகுங்கள், ரப்பர் பட்டை போதும். எய்வது மையத்தில் மட்டும்.

சிறுவாணி (கோவை)

சரி ஐயா. ரப்பர் பட்டை வாங்கிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது. போல்ட்டைத் தளர்த்தி, தராசில் 24 வருமாறு வைத்திருக்கிறேன். இன்று காலை 15 மீட்டரில் சோதனை செய்தேன். 700-இல் இறகில்லாத அம்பு ஒரு சாண் இடது பக்கம். மூன்று முறை எய்தேன், மூன்றும் அங்கேயே. 800-இல் இறகில்லாதது இறகு உள்ளதற்கு நேர் கீழே, நாலு விரற்கடை இறங்கி நிற்கிறது. பக்கவாட்டில் விலகல் இல்லை. அறுபது அம்பு எய்தேன். அறுபதாவதைப் படம் எடுக்கச் சொன்னேன், விரல் வாயோரத்தில் இருக்கிறது.

அந்த நாலு விரற்கடைக்கு என்ன செய்வது?

ஸ்காபரோ_அண்ணை (டொரொண்டோ)

800 எடுங்கோ. இறகில்லாதது கீழ போகுதெண்டால் நாணில நொக் பாயின்ட் (அம்பு பூட்டுற இடம்) உயரத்தில இருக்கு. ரெண்டு மில்லிமீட்டர் கீழ இறக்கிப்போட்டுத் திரும்ப எய்து பாருங்கோ. ஒரேயடியாக இறக்க வேண்டாம்.

மேற்கு_மலை (பொள்ளாச்சி)

சிறுவாணி, என் 30 பவுண்டு லிம்ப் வியாழக்கிழமை வந்துவிட்டது. ஞாயிறு காலை ஆறரைக்கு மையத்துக்கு வருகிறேன். உங்கள் கொக்கித் தராசைக் கொண்டு வாருங்கள், என்னுடையதையும் அளக்க வேண்டும். உங்களிடம் மீதி இருக்கும் 700 அம்பு இரண்டையும் எடுத்து வாருங்கள், எனக்கு அது சரியாக வரும் போலிருக்கிறது.